சபர் போகும் பிள்ளைகளே, கைபேசியில் இருக்கும் காசு கவனம்!

(வெளிநாடு புறப்படும் இளைஞர்களுக்காகவும் அவர்களுடைய குடும்பத்தாருக்காகவும் நமது அறக்கட்டளை நடத்திய வழிகாட்டல் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நம் மஹல்லாவில் துபாயிலோ, சவூதியிலோ, கத்தாரிலோ ஒரு பிள்ளை இல்லாத வீடு அபூர்வம். முன்பெல்லாம் சபர் போகிறவருக்கு வீட்டுப் பெரியவர்கள் மூன்று விஷயங்களைச் சொல்லி அனுப்புவார்கள். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள், தொழுகையை விட்டுவிடாதே, போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடு. இன்று நான்காவதாக ஒன்றையும் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது: கைபேசியில் இருக்கும் காசைக் காப்பாற்றிக்கொள்.

ஒரு காலத்தில் அங்கே சம்பளம் உறைக்குள் ரொக்கமாக வந்தது. பாக்கெட் அடிப்பவனுக்கு மட்டும் பயந்தால் போதும். அமீரகத்தில் 2009-ல் ஊதியப் பாதுகாப்புத் திட்டம் வந்த பிறகு, சம்பளம் வங்கி வழியாகவோ சம்பள அட்டையிலோ வருகிறது. முதலாளி சம்பளம் கொடுத்தாரா இல்லையா என்பது அரசாங்கத்துக்கே தெரிந்துவிடுகிறது. தொழிலாளிக்கு அது நல்லதுதான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சம்பளம், அறை வாடகை, மெஸ் காசு, ஊருக்கு அனுப்பும் பணம் என்று எல்லாமே கைபேசிக்குள் போனதும், திருடனும் அதற்குள் வந்துவிட்டான்.

புதிதாகப் போனவரையே ஏன் குறி வைக்கிறார்கள்?

படிக்காதவர்தான் ஏமாறுவார் என்று நினைக்காதீர்கள். எங்களிடம் வந்து அழுதவர்களில் இன்ஜினியரிங் முடித்தவரும் உண்டு. ஏமாறுவதற்கும் படிப்புக்கும் சம்பந்தம் குறைவு. புதிதாகப் போயிருப்பதற்கும் அதற்கும்தான் சம்பந்தம் அதிகம்.

முதல் மாதத்தில் ஒரு தம்பியின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். மெடிக்கல், பத்தாகா, இகாமா, சிம் கார்டு, வங்கி அட்டை என்று பத்து இடங்களில் கைபேசி எண்ணைக் கொடுத்திருப்பார். பத்து இடங்களிலிருந்தும் உண்மையான குறுஞ்செய்திகள் வந்துகொண்டே இருக்கும். பாதி அரபியில், பாதி ஆங்கிலத்தில். அந்தப் பத்துக்கு நடுவே பதினொன்றாவதாக ஒரு பொய்ச் செய்தி வந்தால், எது அசல், எது போலி என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஐந்து வருடம் அங்கே இருந்தவர் சிரித்துவிட்டு அழித்துவிடுவார். புதியவர் பதறிப்போவார்.

இதோடு பயமும் சேர்ந்துகொள்கிறது. விசாவில் ஏதோ தப்பாகிவிட்டதோ, அபராதம் போட்டுவிட்டார்களோ, ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். போவதற்காக வாங்கிய கடனும், அடகு வைத்த மனைவியின் நகையும் கண் முன்னே நிற்கும்போது அந்தப் பயம் இரட்டிப்பாகிறது. மோசடிக்காரன் நம்பியிருப்பது கம்ப்யூட்டர் அறிவை அல்ல, இந்தப் பயத்தைத்தான்.

என்னென்ன வேடத்தில் வருகிறார்கள்?

முதலாவது, மிரட்டும் அழைப்பு. "போலீஸ் நிலையத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பத்தாகா புதுப்பிக்கப்படவில்லை" என்பார்கள். அல்லது மத்திய வங்கியின் முத்திரை போட்ட வாட்ஸ்அப் செய்தி வரும்: "உங்கள் ஏ.டி.எம். அட்டை முடக்கப்பட்டுவிட்டது, உடனே இந்த எண்ணை அழைக்கவும்." சிலர் சீருடை போட்டுக்கொண்டு வீடியோ அழைப்பிலும் வருகிறார்கள். ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: எந்த நாட்டு மத்திய வங்கியும் தொழிலாளிக்கு வாட்ஸ்அப்பில் பேசாது. எந்தப் போலீஸும் போனில் அட்டை எண் கேட்காது.

இரண்டாவது, ஆசை காட்டும் அழைப்பு. "உங்கள் சிம் எண்ணுக்குக் குலுக்கலில் இரண்டு லட்சம் திர்ஹம் விழுந்திருக்கிறது. பரிசை அனுப்பக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்பார்கள், அல்லது "ரீசார்ஜ் கார்டு வாங்கி நம்பரைச் சொல்லுங்கள்" என்பார்கள். வளைகுடாவில் இது மிகப் பழைய தந்திரம். இன்றும் மீன் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

மூன்றாவது, சின்னத் தொகை. "உங்கள் பார்சல் வந்திருக்கிறது, விலாசம் சரியில்லை, மூன்று திர்ஹம் கட்டினால் கொண்டு வந்து தருவோம்" என்று ஒரு லிங்க் வரும். மூன்று திர்ஹம்தானே என்று அட்டை எண்ணைப் போடுவீர்கள். அவனுக்குத் தேவை அந்த மூன்று திர்ஹம் அல்ல, உங்கள் அட்டை எண்.

நான்காவது, பகுதிநேர வேலை. டெலிகிராமில் ஒருவர் சலாம் சொல்லி அறிமுகமாவார். யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்பார். முதல் இரண்டு நாள் உண்மையாகவே கொஞ்சம் காசு வரும். பிறகு "பெரிய வேலைக்கு முன்பணம்" என்று கேட்பார்கள். போட்டது திரும்பாது. அதை மீட்க இன்னும் போடச் சொல்வார்கள்.

ஐந்தாவது, பெட் ஸ்பேஸ். இணையத்தில் அறையின் படம் அழகாக இருக்கும், வாடகை குறைவாக இருக்கும். "நிறையப் பேர் கேட்கிறார்கள், டெபாசிட்டை இப்போதே அனுப்புங்கள்" என்பார்கள். அறையை நேரில் பார்க்காமல், சாவி கைக்கு வராமல் ஒரு திர்ஹம்கூட அனுப்பாதீர்கள்.

தம்பிமார்களே, இவர்கள் உருதுவில் பேசுவார்கள், ஹிந்தியில் பேசுவார்கள், தமிழிலும் பேசுவார்கள். சலாம் சொல்வார்கள், பேச்சுக்குப் பேச்சு "வல்லாஹி" என்பார்கள். சலாத்துக்குப் பதில் சொல்வது நம் கடமை. ஆனால் சலாம் சொன்னதற்காக ஒருவருக்கு வங்கி விவரத்தைக் கொடுப்பது நம் கடமையல்ல.

ஓ.டி.பி.யும் 'ஓகே' பொத்தானும்

"ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதே" என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சொல்லிவிடுகிறார்கள். ஏன்? குறுஞ்செய்தியில் வந்த ஆறு எண்ணை மட்டும் பார்க்கிறார்கள், அந்தச் செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதில்லை. "இந்த எண், உங்கள் அட்டையை ஆப்பிள் பே-யில் சேர்ப்பதற்கானது" என்று வங்கி அதிலேயே எழுதியிருக்கும். அந்த எண்ணைச் சொன்ன மறுநிமிடம், உங்கள் அட்டை அவனுடைய கைபேசிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அவன் கடை கடையாக ஏறி இறங்குவான். ஒவ்வொரு முறையும் உங்களிடம் ஓ.டி.பி. கேட்க வேண்டிய அவசியமே அவனுக்கு இருக்காது. ஆகவே, செய்தி முழுவதையும் படியுங்கள். புரியாவிட்டால், படிக்கத் தெரிந்த பழையவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. அமீரகத்து வங்கிகள் 2025 ஜூலை முதல் குறுஞ்செய்தி ஓ.டி.பி.யைப் படிப்படியாக நிறுத்தி, வங்கியின் செயலியிலேயே அனுமதி கேட்கும் முறைக்கு மாறத் தொடங்கின. இது பாதுகாப்பான முறைதான். ஆனால் மோசடிக்காரனும் பேச்சை மாற்றிக்கொள்வான். "நம்பரைச் சொல்லுங்கள்" என்று கேட்டவன், இனி "திரையில் வருவதை ஓகே பண்ணுங்கள்" என்பான். சவூதியில் 'நஃபாத்' செயலியும் இதே மாதிரிதான். திரையில் வரும் எண்ணைத் தேர்ந்தெடுத்து அனுமதி கொடுத்தால், உங்கள் இகாமாவின் பெயரில் கணக்கே திறந்துவிடலாம். அமீரகத்தின் 'யு.ஏ.இ. பாஸ்' செயலியும் உங்கள் கையெழுத்துக்குச் சமம். நீங்களாகத் தொடங்காத எந்த வேலைக்கும் 'ஓகே' கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு வழிமுறையைச் சொல்கிறோம். உங்களுக்கு வந்த அழைப்பில் எந்தக் காரியத்தையும் செய்யாதீர்கள். அழைப்பைத் துண்டியுங்கள். வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை நீங்களே அழைத்துக் கேளுங்கள். உண்மையான வங்கி அதிகாரி இதற்காகக் கோபப்பட மாட்டார். "போனை வைக்காதே, யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவன் சொன்னால், அவன் திருடன் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம், நம்பத் தகாதவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ளும்படி நமக்குக் கட்டளையிடுகிறது. விசாரிப்பதை அவமரியாதையாக நினைக்கிறோம். அது நம் மார்க்கம் கற்றுத் தந்த ஒழுங்கு.

கணக்கு ஓர் அமானிதம்

காசை இழப்பதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் பகுதிப் பையன் ஒருவர். அறையில் கூட இருந்தவர், "என் அட்டை முடங்கிக் கிடக்கிறது, என் கூட்டாளி பணம் அனுப்புகிறான், உன் கணக்கில் வாங்கி எனக்கு எடுத்துக் கொடு" என்று கேட்டிருக்கிறார். ஒரே அறை, ஒரே சட்டியில் சோறு. எப்படி மறுப்பது? வாங்கிக் கொடுத்துவிட்டார். அந்தப் பணம் வேறொருவரை ஏமாற்றிப் பிடுங்கிய பணம். அறைக்காரர் எங்கே போனார் என்று தெரியவில்லை. வழக்கு இந்தப் பையன் மீது. வழக்கு முடியும்வரை ஊருக்கு வர முடியாது. அவருடைய உம்மா எங்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்து, "என் பிள்ளை ஒரு காசுகூட எடுக்கவில்லையே" என்றார். உண்மைதான், எடுக்கவில்லை. ஆனால் வங்கிப் பதிவில் இருப்பது பிள்ளையின் பெயர்தான்.

சவூதியில் 2021-ல் வந்த நிதி மோசடித் தடுப்புச் சட்டத்தில் 7 வருடம்வரை சிறையும் 50 லட்சம் ரியால்வரை அபராதமும் உண்டு. மற்ற வளைகுடா நாடுகளிலும் சட்டம் கடுமைதான். "எனக்குத் தெரியாது" என்று சொல்வதை, அதுவும் மொழி தெரியாத ஊரில், நிரூபிப்பது லேசான காரியமல்ல.

ஆகவே வங்கிக் கணக்கு, சம்பள அட்டை, உங்கள் பத்தாகாவில் வாங்கிய சிம் ஆகிய மூன்றையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். வாடகைக்கும் வேண்டாம், இரவலும் வேண்டாம். "கமிஷன் தருகிறேன்" என்று சொன்னால் அந்த இடத்தை விட்டே போய்விடுங்கள். மறுப்பதற்குச் சங்கடமாக இருந்தால், "எங்கள் ஊர் ஜமாஅத்தில் கொடுக்கக் கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கிறார்கள்" என்று சொல்லுங்கள். பழியை எங்கள் மீது போடுங்கள், பரவாயில்லை.

இதே வகையில் உண்டியல் வழியாகப் பணம் அனுப்புவதையும் சொல்ல வேண்டும். நாலு காசு கூடக் கிடைக்கிறது, வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள் என்று சிலர் போகிறார்கள். நீங்கள் அங்கே கொடுத்த பணம் இங்கே வருவதில்லை. யாரோ ஒருவர், எங்கோ இருந்து வந்த பணத்தை உங்கள் மனைவியின் கணக்கில் போடுகிறார். அது சைபர் மோசடிப் பணமாக இருந்தால், பெயர்கூடத் தெரியாத ஒரு வடமாநிலக் காவல் நிலையத்தின் உத்தரவில் உங்கள் மனைவியின் கணக்கு முடக்கப்படும். பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் முதற்கொண்டு நின்றுபோகும். அந்நியச் செலாவணிச் சட்டப்படியும் அது குற்றம். வங்கி அல்லது உரிமம் பெற்ற எக்ஸ்சேஞ்ச் வழியாக அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன் ஊரில் செய்ய வேண்டியது

ஒன்று: நம் நாட்டு சிம்மைச் சாக விடாதீர்கள். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் அந்த எண் ரத்தாகி, பிறகு வேறொருவர் கைக்குப் போகலாம். உங்கள் வங்கியின் ஓ.டி.பி. அந்த வேற்று மனிதருக்குப் போகும். குறைந்த ரீசார்ஜ் ஒன்றைப் போட்டுக்கொண்டே இருங்கள்.

இரண்டு: வெளிநாட்டில் வேலைக்குப் போனவர் ஊரிலுள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வங்கியில் கேட்டால் செய்து கொடுப்பார்கள்.

மூன்று: வீட்டிலுள்ள பெண்களுக்கு ஜி-பே, போன்-பே பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போங்கள். பணம் அனுப்பத்தான் பின் நம்பர் போட வேண்டும். பணம் வாங்க பின் நம்பரும் வேண்டாம், க்யூ.ஆர். ஸ்கேனும் வேண்டாம். "உங்கள் மகன் பணம் அனுப்பியிருக்கிறார், பின் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்பவன் பணத்தை எடுக்க வந்தவன்.

நான்கு: வீட்டாரும் நீங்களும் ஒரு ரகசிய வார்த்தை பேசி வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் பிள்ளையைத் துபாய் போலீஸ் பிடித்துவிட்டது, விடுவிக்க உடனே ஐம்பதாயிரம் அனுப்புங்கள்" என்று உம்மாமார்களுக்கு அழைப்பு வருகிறது. பின்னணியில் பிள்ளை அழுகிற சத்தமும் கேட்கும். இப்போதெல்லாம் குரலையே போலியாக உண்டாக்கிவிடுகிறார்கள். அந்த வார்த்தையைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் போனை வைத்துவிட்டு, பிள்ளையையும் அறைத் தோழரையும் அழையுங்கள். அதேபோல "டிஜிட்டல் கைது" என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்திலேயே கிடையாது.

பணம் போய்விட்டால்?

முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையை முடக்குங்கள். செயலியிலேயே முடக்கும் வசதி இருந்தால் அதை முதலில் செய்யுங்கள். ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும். செய்திகளையும் அழைப்பு எண்ணையும் அழித்துவிடாமல் படம் எடுத்து வையுங்கள். பிறகு புகார்.

துபாயில் இருப்பவர்கள் காவல்துறையின் இ-கிரைம் தளத்தில் புகார் செய்யலாம், 901-ல் விசாரிக்கலாம். அபுதாபியில் 'அமான்' சேவை: 8002626. சவூதியில் மோசடிக் குறுஞ்செய்தியை 330330-க்கு அனுப்பித் தெரிவிக்கலாம். பணம் போயிருந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போங்கள். சிங்கப்பூரில் 1799, மலேசியாவில் 997. அமீரகத்தில் இருப்போருக்கு இந்தியத் தூதரகத்தின் உதவி மையம் கட்டணமின்றி 80046342-ல் இருக்கிறது. நம் நாட்டுக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், வீட்டார் 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். இந்த எண்களை அச்சிட்ட சிறு அட்டை வாசலில் இருக்கிறது. ஆளுக்கொன்று எடுத்துப் பர்ஸில் வையுங்கள். கைபேசியையே இழந்தவருக்குக் கைபேசிக்குள் இருக்கும் எண் உதவாது.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்

கடைசியாக, தாய் தந்தையரிடமும் மனைவிமார்களிடமும் கொஞ்சம் பேச வேண்டும்.

போய் மூன்று வாரமே ஆன ஒரு பையன் தன் முதல் சம்பளத்தை முழுவதுமாக இழந்தார். பதினொரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மெஸ்ஸுக்குக் கொடுக்கக் காசில்லாமல் குப்பூஸும் தேநீருமாக நாளைக் கழித்திருக்கிறார். வீட்டில் கேட்டதற்கு, "கம்பெனியில் சம்பளம் தாமதம்" என்று சொல்லியிருக்கிறார். வாப்பா என்ன சொல்வார், ஊர் என்ன சொல்லும் என்ற வெட்கம்தான். கடைசியில் அவர் வங்கிக்குப் போனபோது, பணம் நாலு கணக்கு தாண்டிப் போயிருந்தது. முதல் மணி நேரத்தில் சொல்லியிருந்தால் ஒரு பகுதியாவது நின்றிருக்க வாய்ப்பு உண்டு.

அந்தப் பணத்தைக் கொண்டுபோனவன் திருடன். ஆனால் அந்தப் பதினொரு நாளைக் கொண்டுபோனது நம்முடைய ஏச்சுப் பேச்சின் மேல் இருந்த பயம். "இத்தனை படித்தும் உனக்குப் புத்தி இல்லையா?" என்ற ஒரு வார்த்தை, அடுத்த பிள்ளையின் வாயையும் அடைத்துவிடும். ஆகவே உங்கள் பிள்ளை அழைத்து, "ஏமாந்துவிட்டேன்" என்று சொன்னால், முதல் வார்த்தையாக "இன்னா லில்லாஹ்" சொல்லுங்கள். இரண்டாவதாக, "வங்கிக்குச் சொல்லிவிட்டாயா?" என்று கேளுங்கள். மூன்றாவதாக, "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அறக்கட்டளை சார்பில் இரண்டு காரியங்களை முடிவு செய்திருக்கிறோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இஷாவுக்குப் பிறகு, சந்தேகமான செய்தியோ அழைப்போ வந்தவர்கள் அதை எங்களிடம் காட்டி விசாரித்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். யார் கேட்டார்கள் என்பது வெளியே போகாது. இரண்டாவது, மோசடியில் பணத்தை இழந்து சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் திண்டாடுகிறவருக்கு, பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடனாகச் சிறு தொகை கொடுப்போம். கடனில் மூழ்கியவர் ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் ஒருவர். அப்படிப்பட்ட நிலைமையில் இருப்பவரின் விஷயத்தை ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்வோம். செல்வந்தர்கள் இந்த நிதிக்குத் தாராளமாக உதவும்படி கேட்டுக்கொள்கிறோம்.

தம்பிமார்களே, ஹலாலான சம்பாத்தியத்துக்காக வீட்டை விட்டுப் போகிறீர்கள். அதில் ஒவ்வொரு திர்ஹமும் உங்கள் வியர்வை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்பதுதான் நமக்குச் சொல்லித் தரப்பட்ட பாடம். உங்கள் கையில் இருக்கும் இந்தக் கைபேசியையும் கட்டி வையுங்கள்.

அல்லாஹ் உங்கள் சபரை லேசாக்குவானாக! உங்கள் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! ஏமாற்றுவோரின் தீங்கிலிருந்து உங்களையும், பிறரை ஏமாற்றும் பாவத்திலிருந்து நம் பிள்ளைகள் அனைவரையும் காப்பானாக! ஈமானோடும் ஆரோக்கியத்தோடும் குடும்பத்தாரிடம் திரும்பக் கொண்டு வந்து சேர்ப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.